இருமல் வாத்தியார்

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு காரியத்தைக் கெடுக்க எதிரி தேவையில்லை. கேட்காமலே உதவி செய்கிறவன் ஒருத்தன் போதும். எங்கள் பக்கத்தில் அந்த வேலையை நான்தான் இலவசமாகச் செய்து வருகிறேன்.

கூடலூரில் ஜீப் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடமும் நானும் ஐந்தாம் வகுப்பிலேயே சுமுகமாகப் பிரிந்துவிட்டோம். (இன்றுவரை இரண்டு பேருக்கும் வருத்தமில்லை.) குமுளிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த என்னை டாக்டர் ஜெசிந்தா மாத வாடகைக்கு வைத்துக்கொண்டார். சின்ன வயது டாக்டர். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களின் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. ஓடைப்பட்டி பக்கம் தோட்டம் தோட்டமாகப் போவோம். ஒரு குழாயைக் கையில் கொடுப்பார். மூச்சை நன்றாக இழுத்து, உள்ளே சொட்டு மிச்சமில்லாமல் ஊத வேண்டும். குழாய் போய்ச் சேருகிற பெட்டி அந்த மூச்சைக் கோடு போட்டுக் காட்டும்; மூச்சு நன்றாக இருந்தால் கோடு உயரும்.

அந்த ஆராய்ச்சியைப் பெரிதாகச் செய்ய ஓர் உதவித்தொகை கேட்டிருந்தார். சில வருடங்களுக்கு அவர் சம்பளத்தையும் ஆராய்ச்சிச் செலவையும் கொடுப்பார்களாம். மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பாராம். எனக்கு விளங்கவில்லை.

"டாக்டருக்குப் படிச்ச பெறகும் படிப்பா டாக்டரம்மா?"

"வைத்தியம் பாக்கத்தான்ணே படிச்சேன். ஆராய்ச்சியில நான் இன்னும் எல் போர்டுதான். பெரிய டாக்டர் பக்கத்துல ஒக்காந்து பிரேக்குல கால வச்சிருப்பாக."

இப்படிச் சொன்னால் எனக்கு எதுவும் விளங்கும். கிடைக்காவிட்டால் என்ன என்று கேட்டேன். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்குக் கூப்பிடுகிறது, பெட்டியைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் என்றார். சொல்லிவிட்டு, ஆடை படிந்த டீயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளையைச் சென்னைக்கு விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். என்னை யாரும் முடிவு செய்யச் சொல்லவில்லை.

பணம் கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு பேராசிரியர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. டாக்டரம்மா என்னிடம், முன்பு ஊதினவர்களில் வர முடிந்தவர்களை மட்டும் கூட்டி வரச் சொன்னார். வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். அந்தப் பின்பாதி என் காதில் ஏறவில்லை.

எங்கள் ஊரில் பெரிய ஆபீசர் காரிலிருந்து இறங்கினால், பயிர்ச்சேதம் பார்க்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். நன்றாகக் காய்த்த பந்தலைத் தாண்டி, குலை அழுகிக் கிடக்கிற பந்தலுக்கு அவரைக் கூட்டிப் போவதுதான் முறை. அழுகல் அதிகமானால் நிவாரணமும் அதிகம். திராட்சைக்கு ஒரு நியாயம், நெஞ்சுக்கு ஒரு நியாயமா?

முந்தின நாள் சாயங்காலம், மருந்தடிக்கப் போகிற என் மச்சான் வீரணனின் மோட்டார் ரூமில், ஊத வருகிற எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"ஏலே, யாரும் இழுத்து ஊதிராதீக. லேசா ஊதணும். பாதியில நிறுத்தி இருமணும்."

எப்படி இருமுவது என்று கேட்டார்கள். என் சொந்த இருமலையே இருமிக் காட்டினேன். ரெண்டு குட்டை, ஒரு நீளம், கடைசியில் நெஞ்சில் கை.

வீரணனுக்கு மட்டும் சந்தேகம். "மாப்ள, எனக்கு நெசமாவே ஒண்ணும் இல்லையே."

"ஒனக்கு இல்லாட்டி என்ன மச்சான், டாக்டரம்மாவுக்கு வேணும்ல."

மறுநாள் திராட்சை பேக்கிங் ஷெட்டில் பேராசிரியர், பெரிய டாக்டர், டாக்டரம்மா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வீரணன் நிறைந்த திராட்சைப் பெட்டிகளைத் தோளில் தூக்கிவந்து, அவர்கள் கண் முன்னாலேயே இறக்கிவைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்ததும் நோயாளி ஆனான். அவன் ஊதிய ஊதலுக்கு அகல்விளக்குகூட அணையாது. ரெண்டு குட்டை, ஒரு நீளம், நெஞ்சில் கை. அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்து வந்த அக்காவுக்கு வரிசை மறந்துவிட்டது. முதலிலேயே நெஞ்சில் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் பின்னாலிருந்து விரலால் தாளம் போட்டுக் காட்டினேன். (பேராசிரியர் அந்த நேரம் பார்த்துத்தானா திரும்ப வேண்டும்?)

"எல்லாருக்கும் ஒரே இருமலா இருக்கே," என்றார்.

டாக்டரம்மா பெட்டியின் கோடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காலுக்குக் கீழே ஓடைப்பட்டி கொஞ்சம் இறங்கியது. பெரிய டாக்டர் எப்படியும் சமாளித்துவிடுவார் என்று அவரைப் பார்த்தேன். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கில் கால் வைக்கவே இல்லை.

டாக்டரம்மா எழுந்தார். "சார், இன்னைக்கு ஊதுனதுல ஒண்ணக்கூட நான் எடுத்துக்க மாட்டேன். இவக முன்னாடி இதவிட நல்லா ஊதியிருக்காக. யாரோ சொல்லிக்குடுத்திருக்காக. எதுக்கு ஊதச் சொல்றோம்னு வெளங்கவைக்காதது என் தப்புதான்."

யார் சொல்லிக்கொடுத்தது என்று பேராசிரியர் கேட்டார். யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள், அவ்வளவுதான். வீரணன் மட்டும் என்னைக் காப்பாற்றப் பார்த்தான்: "எங்க மாப்ளதான் சார். நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாரு, நாங்கதான் சரியாச் செய்யல."

"நிவாரணம்னு நெனச்சுட்டேன் சார்," என்றேன். "மோசமா இருந்தாத்தான குடுப்பாக."

"யாருக்கு?"

"டாக்டரம்மாவுக்கு."

"அவங்களுக்கு என்ன நோய்?"

அதற்கு நான் பாடம் தயார் செய்யவில்லை. பேராசிரியரின் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

இனி என்ன செய்வீர்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். ஒவ்வொரு ஊரிலும் முதலில் பெட்டியைத் திறக்காமல் பேச மட்டும் போவேன் என்றார். நல்ல மூச்சும் தனக்கு வேண்டிய சேதிதான் என்று சொல்வாராம். சொன்னதோடு நிற்காமல் அங்கேயே எல்லோருக்கும் விளக்கி, திரும்ப ஊதவைத்தார். வீரணன் ஊதியதில் கோடு மேகமலை மாதிரி ஏறியது.

திரும்பும் வழியில் நான் மன்னிப்பு கேட்டுக்கொண்டே வந்தேன். கம்பம் தாண்டும்போது டாக்டரம்மா வாயைத் திறந்தார். "அண்ணே, வண்டிய மட்டும் ஓட்டுங்க."

அடுத்து வந்த வாரங்களில் வண்டியை மட்டும் ஓட்டினேன். டாக்டரம்மாவுக்கு வண்டி வேண்டாத ஒருநாள், பழையபடி ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறும்போது அவரிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, கெடச்சிருச்சு." ஜீப்பை ஓரங்கட்டி, இறங்கி, சாலையோரக் கட்டையில் உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டேன். பெட்டி மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் கோடு கேரளாவுக்குள் போயிருக்கும். (வண்டி மக்கர் என்று பயணிகள் இறங்கித் தள்ளத் தயாரானார்கள்.)

பெரிய டாக்டரைப் பார்த்தபோது, என்னால்தான் கிடைத்ததா என்று மெதுவாகக் கேட்டேன். "ஒங்களையும் மீறிக் கெடச்சதுய்யா," என்று தோளில் தட்டினார்.

இப்போது ஊர் ஊராகப் போய், "இது நிவாரணம் இல்ல" என்றுதான் டாக்டரம்மா பேச்சைத் தொடங்குகிறார். அப்புறம் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, நான் இருமல் பாடம் எடுத்த கதையைச் சொல்கிறார். அதுவரை இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும் கூட்டம் சிரித்துவிட்டு, மறுமுறை பெட்டியோடு போகும்போது நன்றாக ஊதுகிறது.

வீட்டில்தான் நியாயம் இல்லை. போன ஆடிக் காற்றில் எனக்கு நிஜமாகவே சளி பிடித்து, விடாமல் இருமினேன். ஒரு வாய் சுடுதண்ணீர் கேட்டேன். என் மனைவி, வீரணனின் தங்கைதான், அடுப்பைவிட்டுத் திரும்பாமலே பிள்ளைகளிடம் சொன்னாள்:

"தள்ளி ஒக்காருங்க, வாத்தியாரு பாடம் நடத்துறாக."