செனட்டரின் இடது கடைவாய்

செனட்டர் நோவோட்னி மறுபடியும் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்.

"இப்பத்தானே உள்ள இருந்தார்? குரல் கேட்டுச்சே!" என்றாள் டாக்டர் மார்லிஸ் கெல்னர்.

"இருந்தார். நீங்க கதவத் தட்டினீங்க. இப்ப இல்ல," என்றாள் செயலாளர் லவோன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்லிஸ் அசரவில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பல் மருத்துவர்களை ஒரு பஸ் நிறையத் திரட்டி, தலைநகர் லிங்கனில் இருக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்குக் கொண்டு வந்தவள் அவள். ஒரு நாள் கிளினிக்கை மூடச் சொன்னாலே முகம் சுளிக்கிற கூட்டம் அது. அதையே அசைத்தவளுக்கு ஒரு செனட்டர் எம்மாத்திரம்?

மக்கள் கட்டுகிற பணத்தில் பெரும்பகுதியை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பல் சிகிச்சைக்கே செலவழிக்க வேண்டும் என்கிற மசோதா, இன்று மாலைக்குள் சட்டமன்றக் குழுவைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் இந்த வருடமும் செத்தது. குழுவில் மற்றவர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். நோவோட்னியின் ஒரு கைதான் பாக்கி. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் மசோதா அவர் மேசையில்தான் தூங்கிப்போனது. கேட்டால் "இன்னும் ஆராயணும்" என்பார்.

போன மாதம்தான் பள்ளி பஸ் ஓட்டும் இர்மாவுக்கு, காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு பல்லை மார்லிஸ் பிடுங்க வேண்டியிருந்தது. வேர் சிகிச்சைக்குக் கம்பெனி கையை விரித்துவிட்டது. பிடுங்குவதற்கு மட்டும் தாராளமாகக் கொடுத்தது.

"ஒருத்தியா போனதுதான் தப்பு," என்றாள் தன் படையிடம். "எல்லாரும் வெள்ளைக் கோட்ட மாட்டுங்க. தாழ்வாரத்துல ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கணும். நல்லா சிரிக்கணும்."

"மிரட்டுற மாதிரி இருக்காது?" என்றார் டாக்டர் கஸ். செனட்டரின் சொந்த ஊரில் கிளினிக் வைத்திருக்கும் பெரியவர்.

"அவர் மிரள்ற ஆளா?"

"மிரள்றதாவது! காளையக் கொம்பப் பிடிச்சு மடக்குவார். என் கிளினிக்குக்கு எதிர்லதான் மாட்டுத் தீவனம் வாங்குவார். ஆனா ஒரு நாளும் இந்தப் பக்கம் திரும்பினதில்ல."

"இன்ஷூரன்ஸ்காரன் சட்டைப்பையில இருக்கார். வேறென்ன?" என்று முடித்துவிட்டாள் மார்லிஸ்.

லிஃப்ட் திறந்தது. உள்ளே நின்ற நோவோட்னி, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டுகள் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பதைப் பார்த்தார். லிஃப்ட் மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து லவோன் ஒரு ஃபைலோடு வெளியே வந்தாள்.

"எங்க இருக்கார்?"

"கழிவறையில. இனிமே ஆபீஸ் அங்கதானாம். ஃபைலக் கதவுக்கு அடியில தள்ளச் சொல்றார்."

"சாப்பாடு போட்டு இழுப்போம்," என்றாள் மார்லிஸ். இந்த ஊரில் சில்லி என்கிற சூடான பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும் இனிப்பான இலவங்கப்பட்டை ரோலும் சேர்த்து வைத்தால் எந்த மனிதனும் ஒளிந்திருக்க மாட்டான். வாசனை தாழ்வாரத்தில் பரவியதும் அவர் வந்தார். ஒரு ரோலை எடுத்துக் கடித்தார்.

"ஆ!" என்று இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அத்தனை கரண்டிகளும் அந்தரத்தில் நின்றன.

"இடது பக்கம், கீழ்க் கடைவாய்," என்றார் ஒருவர்.

"இல்லப்பா, மேல! கண் துடிக்குது பாரு."

"சீழ் கட்டியிருக்கு. பந்தயம்!"

யாரோ செல்போன் டார்ச்சை அடித்தார். மார்லிஸுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா?

"சார், வாயத் திறங்க, இங்கேயே பாத்துடலாம்! பைசா வேண்டாம், இன்ஷூரன்ஸே வேண்டாம்!"

காளையை மடக்கும் மனிதரின் முகம் வெளிறியது. "எனக்கு ஒண்ணுமில்ல! இந்த மசோதாவுக்கு நான் எதிர்ப்பு! எழுதிக்கோ, லவோன்!" என்று கத்திவிட்டுத் தலைதெறிக்க ஓடினார்.

இதுவரை ஆராய்ந்துகொண்டிருந்தவர் இப்போது எதிரியாகவே ஆகிவிட்டார். பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

"யாரும் நகரக்கூடாது," என்றாள் மார்லிஸ். "அவர் தொகுதியில தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போன் போடுங்க. சொந்த ஊர்க்காரங்க கேட்டா என்ன பண்றார்னு பாப்போம்."

கஸ் மட்டும் ஒரே ஒரு போன் பேசிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார்.

"எங்கிட்ட பல் பாக்குற கிளெண்டாகிட்ட பேசினேன்."

"நல்லது. யாரு அவங்க?"

"செனட்டரோட சம்சாரம்."

"ஐயோ கஸ்! வீட்டுக்காரம்மாவையா இழுத்தீங்க? இனிமே நம்ம மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரே! என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"உள்ளதத்தான் சொன்னேன். மசோதா வருஷக்கணக்கா உங்க வீட்டுக்காரர் மேசையிலதான் கிடக்குதுன்னேன். அப்புறம், 'கிளம்பிட்டேன்'னாங்க."

மாலையில் குழு கூடியது. தலைவர் வாக்குக் கேட்கப்போகும் நேரத்தில், பண்ணை பூட்ஸோடு ஒரு பெண்மணி உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நோவோட்னி அவளைப் பார்த்தார். அவள் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஆதரிப்பவர்கள்?"

எதிர்பார்த்த கைகள் உயர்ந்தன. நோவோட்னியின் இடது கை கன்னத்தில் இருந்தது. வலது கை மேசையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, கடைசியில் முழுசாக உயர்ந்தது.

மசோதா தாண்டிவிட்டது! வெள்ளைக் கோட்டுகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. இர்மாவை நினைத்து மார்லிஸுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அவள் மார்லிஸ் அல்லவா?

"பாத்தீங்களா கஸ், கோட்டோட மகிமைய? அடுத்த வருஷம் மூணு பஸ்!" என்றவள், நேரே கிளெண்டாவிடம் போனாள். அந்த அம்மாள் அதற்குள் கணவரின் சட்டைக் கையை இறுகப் பிடித்து வாசலுக்கு நடத்திக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா. இன்ஷூரன்ஸ் சீர்திருத்தத்துல உங்களுக்கு இவ்வளவு அக்கறை இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

"சீர்திருத்தமா? எனக்கென்ன தெரியும் டாக்டரம்மா? பல்லக் காட்டுங்கன்னு வருஷக்கணக்கா கெஞ்சுறேன், 'இன்ஷூரன்ஸ்ல வராது, சட்டம் மாறட்டும், மறுநாளே போறேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தார். அந்தச் சட்டத்த மாற விடாம அது மேலயே உக்காந்திருக்கறது இவர்தான்னு எனக்கு இன்னைக்கு மத்தியானம்தானே தெரிஞ்சுது!"