அறுபது போடு

மூன்று மெக்கானிக்குகள், இரண்டு டயர்க் கடைகள், வண்டி வாங்கியபோது கம்பெனி கொடுத்த நூற்றெண்பது பக்கப் புத்தகம், பெட்ரோல் பங்கில் புதிதாக வைத்த காற்று இயந்திரம், அதன் நெற்றியில் சிவப்பாக எரியும் எண் எல்லாம் ஒரு பக்கம். தம்பி மறு பக்கம். கையில் காற்றளக்கும் கேஜ் கிடையாது, எழுதி வைத்த அளவு கிடையாது, துணைக்கு நிற்க ஆளும் கிடையாது. வெறும் வலது காலை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் வென்றவன் அவன். அவன் அக்காவைக் கேட்டால் இந்த வெற்றிகளை வரிசை பிசகாமல் சொல்வாள். கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள்.

இவனைத் தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவன் ஓர் இனம். டயரை உதைத்துப் பார்த்தே காற்றளவு சொல்லும் இனம். உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும், யாரும் கூப்பிடாமலே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்று சுற்றி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சக்கரத்தை அளந்து, கடைசியில் பின்பக்கத்து இடது டயரை ஓர் உதை விட்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏன் எப்போதும் பின்பக்கத்து இடது டயர்? அது அந்த இனத்துக்கே தெரியாது. பிறகு தீர்ப்பு வரும். "காத்து சரியில்லையே." சரியாக இருக்கிறது என்று என்றைக்காவது சொன்னதுண்டா? இல்லை. சரியாக இருக்கும் டயர் ஒன்றை இந்த இனம் இதுவரை பார்த்ததே இல்லை.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று ஏற்றும் கட்சி, மற்றொன்று இறக்கும் கட்சி. "கல்லு மாதிரி நிக்கணும்" என்பார் முன்னவர். "பஞ்சு மாதிரி உக்காரணும்" என்பார் பின்னவர். இருவரும் ஒரே டயரின் முன்னால் சந்தித்துவிட்டால், வண்டிக்குச் சொந்தக்காரர் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம்.

தம்பி ஏற்றும் கட்சி. அவன் ஓட்டுவது ஒரு கண்ணாடிக் கடையின் பிக்கப் வண்டி. பாரம் இருந்தாலும் காற்று அறுபது, இல்லாவிட்டாலும் அறுபது. வெயிலானாலும் மழையானாலும் அறுபது. முன் சக்கரம் பின் சக்கரம் என்ற பாகுபாடெல்லாம் அவனிடம் கிடையாது. பக்கத்துப் பஞ்சர் கடையின் முன்னால் வண்டியை நிறுத்தி, "அறுபது போடு" என்று சொல்லிவிட்டு, கேஜை எடுக்கப் போகும் கடைக்காரரைக் கையமர்த்தி, தானே உதைத்து உதைத்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஆங், போதும்" என்பான். அவனுக்கு அப்பாவும் அம்மாவும் வைத்த பெயர் கடையில் பலருக்குத் தெரியாது. 'அறுபது' என்றால் திரும்பிப் பார்ப்பான்.

அக்கா அதே கடையில் கண்ணாடி வெட்டுகிறாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு ஜன்னலை மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளந்து, மூன்றையும் எழுதிக்கொள்ளாமல் வெட்டும் கருவியைத் தொடமாட்டாள். தம்பிக்கு இந்த வண்டி ஓட்டும் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். நான்கு மாதம் முதலாளியின் பின்னால் நடந்து கேட்டாள். உள்ளே மேசையில் நின்று வேலை செய்தால் தம்பிக்கு அரை மணியில் முதுகு வலிக்கும். ஓட்டுநர் இருக்கையில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முகம் வாடாது. அவனுக்கென்று பொருந்திய ஒரே இடம் அது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒரு நடனப் பள்ளிக்கு எட்டடிக்கு ஆறடியில் ஒரு சுவர்க் கண்ணாடி. அக்கா நான்கு நாள் இருந்து ஓரம் தேய்த்துக் கொடுத்தாள். போய்ச் சேர்ந்தபோது குறுக்கே ஒரு விரிசல். மறுபடி நான்கு நாள். மறுபடி விரிசல். தம்பியிடம் காரணத்துக்கா பஞ்சம்? முதல் கண்ணாடிக்கு நகராட்சி போட்ட வேகத்தடை. இரண்டாவதுக்கு எதிரே வந்த பஸ். நடுவில் மரச்சட்டமும், சட்டத்தில் ஒட்டிய கம்பளித் துணியும், துணியை ஒட்டிய பசையும் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கின. டயர் மட்டும் ஏறவில்லை.

முதலாளி அதிகம் பேசுகிறவர் அல்ல. "மூணாவதும் உடைஞ்சா சாவியை மேசையில வச்சிட்டு உள்ள வந்துரு. கண்ணாடி துடைக்கிற வேலை இருக்கு" என்றார். கூடவே ஒரு புது நோட்டையும் கொடுத்தார். தேதி, பாரம், காற்று, கையொப்பம் என்று நான்கு கட்டம். வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். அக்கா எழுதுவாள், தம்பி கையெழுத்துப் போடுவான்.

மூன்றாவது கண்ணாடியை ஏற்றும் நாள் காலையில், அக்கா வண்டியின் கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் தம்பி என்றைக்கோ ஒட்டிய டயர்க் கடை விளம்பரத்தை நகத்தால் சுரண்டினாள். அடியில் கம்பெனி ஒட்டியிருந்த சீட்டு வெளியே வந்தது. நுணுக்கமான எழுத்து. இரண்டு தடவை படித்தாள்.

"டேய், இங்க எழுதியிருக்குடா. பாரம் கம்மின்னா முன்னாடி முப்பத்துமூணு, பின்னாடி முப்பத்தாறு. முழு பாரம்னாதான் பின்னாடி அம்பத்திரண்டு. வண்டி ஓடுறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது பாக்கணுமாம்."

"அது எவனோ ஏசி ரூம்ல உக்காந்து எழுதினது, அக்கா. அவன் நம்ம ரோட்டைப் பாத்திருக்கானா?"

"கண்ணாடி அறுபத்தேழு கிலோ. சட்டத்தோட சேத்தா நூத்தம்பது வராது. இது கம்மி பாரம்டா. காத்து கல்லு மாதிரி இருந்தா ஒவ்வொரு குழியிலயும் வண்டி குதிக்கும். குதிச்சா கண்ணாடி என்ன பண்ணும்?"

"அக்கா, உனக்குக் கண்ணாடி தெரியும். ஒத்துக்கிறேன். காத்து வேற."

இந்த இனத்தோடு வாதாடி யாராவது ஜெயித்திருக்கிறார்களா? அக்கா வாதாடவில்லை. நோட்டைப் பிரித்தாள். கேஜோடு வந்து நின்ற பஞ்சர் கடைக்காரர் வேடிக்கை பார்க்க வசதியாக ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சரி. எவ்வளவுன்னு சொல்லு."

"அறுபது. எழுதிக்கோ."

எழுதினாள். "இந்தா, கையெழுத்துப் போடு."

"நான்தான் சொன்னேன்ல? அப்புறம் எதுக்குக் கையெழுத்து?"

"சொன்னது நீதான்னு தெரியணும்ல."

"அது ஊருக்கே தெரியும்."

"அப்போ போடு."

தம்பி பேனாவை வாங்கினான். முனையைப் பார்த்தான். உதறினான். உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தான். "என்னக்கா பேனா இது, எழுதவே மாட்டேங்குது."

"நோட்டுல வச்சாத்தானே எழுதும்."

நோட்டில் வைத்தான். எடுத்தான். "அறுபதுங்கிறது வந்து... நல்ல லோடு இருந்தா. இன்னைக்கு என்ன, ஒரே ஒரு கண்ணாடி. அம்பத்தஞ்சுன்னு போட்டுக்கோ."

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிப் பழகியவள் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு அறுபதை அடித்துவிட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினாள். பேனா மறுபடி தம்பியின் கைக்குப் போனது.

"மத்தியானம் வெயில் ஏறும்ல? அப்போ காத்தும் தானா ஏறிக்கும். அம்பது போடு."

"அண்ணே," என்றார் பஞ்சர் கடைக்காரர், "வால்வை யாரும் தொடக்கூட இல்ல, அதுக்குள்ள பத்து இறங்கிருச்சே! அக்கா, அந்தப் பேனாவை எனக்குக் குடுத்துருங்க. கடையில வச்சிக்கிறேன்."

"நீ சும்மா இருடா!" தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நாப்பத்தஞ்சு... போடலாம்ல?"

"நீ சொன்னா போடுறேன். என்னைக் கேக்காதே."

நாற்பத்தைந்தும் நோட்டில் ஏறியது. கையொப்பக் கட்டம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வேகத்தடை, பஸ், பசை எல்லாவற்றையும் மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்திருப்பான். அந்தக் கட்டத்துக்குள் வந்து நிற்க ஒன்றும் தயாராக இல்லை. கடைசியில் அக்காவுக்கு மட்டும் எட்டுகிற குரலில் கேட்டான்.

"அந்தச் சீட்டுல என்னக்கா போட்டிருக்கான்?"

அக்கா சிரிக்கவில்லை. உதட்டோரம் ஓர் இழை அசைந்திருந்தால்கூட அவன் நேராக அறுபதுக்கே திரும்பியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். "முன்னாடி முப்பத்துமூணு, பின்னாடி முப்பத்தாறு" என்று மட்டும் சொன்னாள். முதல் தடவை சொல்வது போலவே சொன்னாள். "சரி, அதையே எழுதிக்கோ" என்றான் தம்பி.

பஞ்சர் கடைக்காரர் கேஜை வைத்துப் பார்த்தார். ஒரு சக்கரத்தில் நாற்பத்தொன்பது, ஒன்றில் ஐம்பத்தெட்டு, ஒன்றில் அறுபத்தாறு, அந்தப் பின்பக்கத்து இடது சக்கரத்தில் எழுபத்தொன்று. இத்தனை வருஷமாக மூன்று மெக்கானிக்குகளையும் ஒரு புத்தகத்தையும் தோற்கடித்த அந்த அறுபது, நான்கு டயர்களில் ஒன்றில்கூட இல்லை.

பஞ்சர் கடைக்காரர் வேண்டுமென்றே வெகுநேரம் இருமினார்.

காற்றை இறக்கியதும் தம்பி பழக்க தோஷத்தில் ஓர் உதை விட்டான். "மெத்தை மாதிரி இருக்கே" என்று முனகினான். பிறகு நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல, நோட்டில் குனிந்தான்.

பதினோரு கிலோமீட்டர். பதினான்கு வேகத்தடை. அக்கா அன்று காலை வெட்ட வேண்டியதை வெட்டாமல், துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"இறக்கியாச்சுக்கா."

"முழுசாவா?"

"முழுசா. மூலையில ஒரு சில்லுகூடப் போகல. இருபது பொண்ணுங்க முன்னாடி நின்னு தலை சீவிக்கிட்டிருக்காங்க, டீச்சர் கத்திக்கிட்டிருக்காங்க."

சாவி தம்பியிடமே தங்கியது. ஆள் திருந்திவிட்டான் என்று நினைக்கிறீர்களா? மறுநாளே, கடை வாசலில் நின்ற ஒரு தண்ணீர் லாரியைச் சுற்றி வந்து, ஒரு கண்ணை மூடி, ஓர் உதை விட்டு, அந்த லாரி டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "முப்பத்தாறு போடுங்க. நான் எப்பவுமே முப்பத்தாறுதான்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் முதுகுவலிக்கு ஒரு மாத்திரை சொன்னீர்களே, மைத்துனர் மகளுக்கு எந்தப் படிப்பு என்று முடிவு செய்து கொடுத்தீர்களே, எதிர்வீட்டுச் சுவர் விரிசலை வாசலிலிருந்தே பார்த்து "ஒண்ணும் ஆகாது" என்றீர்களே, அதையெல்லாம் யாராவது ஒரு நோட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினால், உங்கள் பேனா உடனே எழுதுமா, உதறிப் பார்க்க வேண்டியிருக்குமா? பதில் சொல்ல வேண்டாம். சொன்னால் அதையும் எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள்.

தம்பியாவது போட்டுவிட்டான். முதலாளி அந்த நோட்டை அக்காவிடமே விட்டுவிட்டார். ஆசைப்பட்டவர்களுக்கு முதல் பக்கத்தை அவள் எடுத்துக் காட்டுவாள். அடிக்கப்பட்ட நான்கு எண்கள், அடிக்காத இரண்டு, பக்கத்தில் கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் ஏறிப்போன ஒரு பெயர். நாற்பத்திரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தவன், தான் சொன்ன ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.