முந்திரிக்கொட்டையும் ராட்சசப் பாம்பும்

முந்திரிக்கொட்டையைப் போல ஓர் அவசரக்காரன் சென்னையில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் உட்கார்ந்து, ரசம் வருவதற்குள் கை கழுவியவன். வீட்டில் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் நினைவில்லை.

தொண்ணூறுகளில், கல்லூரி நாட்களில், ஞாயிறுதோறும் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியறையில் பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு வீரன். கதை சொல்வதும் அரக்கர்களை ஏவுவதும் நான். சண்டை வந்தால் பகடை சொல்லும் வரிசைப்படிதான் வாளை ஓங்க வேண்டும். அமெரிக்க மாமா கொண்டுவந்த விதிப்புத்தகம் என்னிடம் மட்டும் இருந்ததால், உயர் நீதிமன்றமே என் மடியில் இருப்பதாக எனக்கு நினைப்பு.

ஒருமுறை பரீட்சைக்குப் படிக்காமல் ஓர் அரக்கனுக்குச் செந்தமிழில் வசனம் எழுதினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேளுங்கள், அற்ப மானிடரே" என்று ஆரம்பித்தேன்.

"குத்திட்டேன்" என்றான் முந்திரி. பகடை ஏற்கெனவே உருண்டிருந்தது.

"அது இன்னும் பேசிண்டிருக்குடா. உன் டர்ன் கடைசிலதான்."

"வாயத் தொறந்துச்சுல்ல மச்சி? அங்கதான் குத்துனேன்."

மீதி வசனத்தை யாரும் கேட்கவில்லை. காபியோடு வந்த அம்மா மட்டும், "இன்னிக்கு யாருடா செத்தா? காபி ஒண்ணு கொறைச்சுக்கலாமா?" என்றாள்.

கோபத்தில் புது விதி போட்டேன்: முறை மீறினால் அவன் வீரன் செத்தான். முந்திரி தலையாட்டினான். அடுத்த சண்டையில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். வெற்றிக் களிப்பில் நான் ஒரு ராட்சசப் பாம்பை, புதிதாகச் சேர்ந்திருந்த சலீமின் வைத்தியன் மேல் ஏவினேன். சலீம் தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் மகன், அதிகம் பேசமாட்டான். வைத்தியனுக்குத் தன் தாத்தாவின் பெயரை வைத்திருந்தான். பகடை அவனைக் கைவிட்டது. அடுத்த கடியில் ஆள் காலி. சலீம் தன் வைத்தியனின் விவரம் எழுதிய காகிதத்தை மெல்ல மடிக்க ஆரம்பித்தான்.

"நான் குறுக்க பூந்துட்டேன்" என்றான் முந்திரி. "கடி எனக்கு."

"உன் டர்ன் வரலை. இப்ப வந்தா நீ செத்த."

"தெரியும் மச்சி. அவன உடு."

இரண்டு வருஷம் வளர்த்த வீரன். விதிப்புத்தகத்தைப் புரட்டினேன், ஓர் எழுத்தும் கண்ணில் ஏறவில்லை. "சரி, நீ செத்துட்ட" என்றேன். அவனோ சலீமின் முதுகில் தட்டி, "இன்னா பாத்துக்கினு கீற? பாம்ப அடி" என்று அவசரப்படுத்தினான்.

அடுத்த ஞாயிறு விடிந்ததுமே வாசல் கேட்டைத் திறந்துவைத்தேன். நங்கநல்லூரிலிருந்து முந்திரி சைக்கிள் மிதித்து வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.