அத்தையின் பல்லுக்கு என் வாயில் ஊசி

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "காமாட்சி!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். பூ விற்கிறவர் திரும்புவார், டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிறவர் திரும்புவார், காலேஜுக்குப் போகிற பெண் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றுவாள். அம்மன் பெயரை வைத்தால் புண்ணியம் என்று ஊரே நினைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

என் பெயரும் காமாட்சி. அதில் தப்பில்லை. கல்யாணம் பண்ணிப் போன வீட்டில் மாமியார் பெயரும் காமாட்சி. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

நிச்சயதார்த்தத்தின்போதே யாரோ பெரியவர், "பொண்ணு பேரை மாத்திடலாமே" என்றார். என் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) ஒரே போடாகப் போட்டார். "இன்னாத்துக்கு மாத்தணும்? கூப்பிட்டா ரெண்டு பேரும் வந்துட்டு போறோம்." சபை சிரித்தது. நானும் தலையைக் குனிந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கல்யாணம் ஆன புதிது. அத்தைக்குக் கீழ்த்தாடையில், இடது பக்கம், கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிக் கறுத்துப் போயிருந்தது. கன்னம் பூரி மாதிரி உப்பிவிட்டது. எங்கள் பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்திலேயே டாக்டர் நஸ்ரீன் என்பவரின் பல் கிளினிக். அங்கே அவரோடு வேலை பார்க்கும் இன்னொரு டாக்டர் அத்தையைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, அடுத்த வாரம் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது அவர் லீவு. டாக்டர் நஸ்ரீனே பார்ப்பார் என்றார்கள். அவர் அதுவரை எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்குப் போனது நான். போகும்போதே அத்தை சொல்லிவிட்டார்: "டாக்டர் கேக்கறதுக்கெல்லாம் நீயே பதில் சொல்லிடும்மா. எனக்கு வாயைத் தொறந்தா உசுரு போவுது."

மருமகளாக எனக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு. விடுவேனா? ராத்திரி எத்தனை மணிக்கு வலி வந்தது, எந்த மாத்திரை, கஞ்சி குடித்தாரா, எல்லாவற்றையும் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். (எம்.காம். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை.)

காத்திருக்கும் இடத்தில் கூட்டம். அத்தை, "காத்தே வரல" என்று வாசல் பக்கம் போய் நின்றார். அந்த நேரம் பார்த்து, ரிசப்ஷனில் இருந்த ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"காமாட்சி! உள்ள போங்க!"

அத்தை வருவதற்குள் டாக்டரிடம் விவரம் சொல்லி வைப்போமே என்று நான் உள்ளே போனேன். டாக்டர் நஸ்ரீன் மாஸ்க்கும் கையுறையுமாகக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அத்தையின் எக்ஸ்ரே.

"காமாட்சிதானே?"

"ஆமாம் டாக்டர்." (பொய்யில்லையே!)

"உக்காருங்கம்மா. வலி எப்படி இருக்குது?"

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல டாக்டர். ஒரே புலம்பல்."

"பிரஷர் மாத்திரை போட்டாச்சா?"

"காலையிலேயே போட்டாச்சு."

"சாப்பிட்டாச்சா?"

"ரெண்டு இட்லி. அதுவும் பால்ல ஊற வெச்சு."

டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கேள்விக்குக்கூடத் தடுமாறவில்லை பாருங்கள்! உட்கார இருந்த ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அது பல் பிடுங்குகிற நாற்காலி என்பது அந்தப் பெருமையில் எனக்கு உறைக்கவே இல்லை.

திடீரென்று நாற்காலி பின்னால் சாய்ந்தது. கால் மேலே போனது. முகத்துக்கு நேராக விளக்கு.

"வாயைத் திறங்க."

திறந்தேன். ஏன் திறந்தாய் என்று இன்று வரைக்கும் வீட்டில் கேட்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் வாயைத் திற என்றால் திறப்பதுதானே வழக்கம்? தவிர, துணைக்கு வருகிறவர்களுக்கும் இலவசமாகப் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று மனதுக்குள் ஒரு நப்பாசை. இலவசம் என்றால் எனக்கு அறிவு கொஞ்சம் பின்வாங்கும்.

என் போதாத காலம், இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் எனக்குப் பள்ளிக்கூட நாளில் அடைத்த சிமெண்ட் ஒன்று உண்டு. கறுத்துப் போய் இருக்கும். டாக்டர் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ம், இதுதான்" என்றார்.

எதுதான் என்று நான் கேட்பதற்குள் ஊசி வந்துவிட்டது.

"ஆ... ஆங்... அத்... அத்த..."

"ஒண்ணுமில்லம்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

'அத்தைக்குப் போட வேண்டிய ஊசி' என்று நான் சொல்ல வந்ததில் முதல் மூன்று எழுத்துதான் வெளியே வந்தது. அதற்குள் பாதி முகம் என்னுடையதாக இல்லை. உதடு எங்கே இருக்கிறது என்று கையால் தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. தட்டிலிருந்து இடுக்கி மாதிரி ஒன்றை டாக்டர் எடுத்தார். நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

"பயப்படாதீங்க, வலியே தெரியாது" என்றார் அவர்.

கதவு படாரென்று திறந்தது. கன்னத்தைப் பிடித்தபடி அத்தை. என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், இடுக்கியைப் பார்த்தார்.

"இன்னா டாக்டர்! என் பல்லை அவ வாய்ல தேடிக்கினு இருக்கீங்க?"

டாக்டர் நஸ்ரீன் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். முகம் வெளுத்திருந்தது. இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு நடந்துடுச்சும்மா. பல்லுக்கு ஒண்ணும் ஆகல. ஊசி மட்டும்தான். சாயங்காலத்துக்குள்ள மரத்தது போயிடும். மன்னிச்சுக்கோங்க" என்று நேராகச் சொன்னார். மழுப்பவில்லை, சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு இனி யார் பல்லையும் தொடுவதில்லை என்று அத்தைக்கு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

சாயங்காலத்துக்குள் போய்விடும் என்றார் அல்லவா? போகவில்லை. அன்றைக்கு மாலைதான் எங்கள் வீட்டுத் தறியில் நெய்த புடவைகளை நான் போனில் லைவ் போட்டுக் காட்டுவதாக ஊருக்கெல்லாம் அறிவித்திருந்தோம். என் கணவர் குமரன், "தள்ளிப் போட்டுடலாம்பா" என்றார். நான்தான் வீராப்பாக, "முடியும்" என்றேன். (அது "ழுழியும்" என்று வந்தபோதே நிறுத்தியிருக்கலாம்.)

லைவ் ஆரம்பித்தது.

"வணக்கம்! இன்னைக்கு நாஃ ஃபாக்கஃ ஃபோறது முகூர்த்தஃ ஃபட்டுஃ ஃபுடவை!"

பட்டுப்புடவை என்ற சொல்லில் எத்தனை 'ப' இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். உதடு ஒட்டினால்தானே 'ப' வரும்? பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 'அக்கா, நெட் ஸ்லோவா?' 'வாய்ஸ் உடையுது.' 'அக்கா வாயில வெத்தலையா?' நடுவில் ஒரு வாய் டீ குடித்தேன். பாதி உள்ளே போனது. மீதி மாம்பழ மஞ்சள் புடவையின் முந்தானை நோக்கிக் கிளம்பியது. கன்னம் உப்பிய அத்தை குறுக்கே பாய்ந்து புடவையைக் காப்பாற்றினார். அதுவும் லைவில் போனது.

மறுநாள் டாக்டர் நஸ்ரீன் போன் செய்தார். கிளினிக் திறப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் வர முடியுமா, என்ன நடந்தது என்று எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும் என்றார். "அந்த ஸ்டெல்லா பொண்ணை வேலைய விட்டு அனுப்பப் போறாங்க போல, பாவம்" என்று அத்தை வழியெல்லாம் கவலைப்பட்டார்.

போனால், ஸ்டெல்லா அழுத கண்ணோடு ஓரமாக நின்றிருந்தாள். டாக்டர் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"முதல்ல நான். 'காமாட்சிதானே'ன்னு கேட்டேன். அப்படிக் கேட்டா யாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. உங்க பேரு என்னன்னு கேட்டிருக்கணும். வயசைப் பார்க்கல. எந்தப் பல்லுன்னு அவங்க வாயால கேக்கல. ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னிருந்தா போதும்."

ஸ்டெல்லா மெதுவாக, "நான் வெறும் பேரை மட்டும் கூப்பிட்டேன் மேடம்" என்றாள்.

"சரி. இதுக்காக யாரையும் திட்டப் போறதில்ல. திட்டினா அடுத்த தடவை தப்பு நடக்கும்போது மறைச்சுடுவீங்க. அப்புறம் நிஜமாவே யாரோட நல்ல பல்லோ போயிடும்."

அப்புறம் என்னை அதே நாற்காலியில் உட்கார வைத்து, நடந்ததை அப்படியே நடிக்கச் சொன்னார்கள். நான் இரண்டு கையையும் கூப்பிய கட்டம் வந்தபோது ஸ்டெல்லாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரும் சிரித்தார். ஊசியால் கோணின என் வாயும் ஒரு வழியாக நேராகிச் சிரித்தது.

அன்றைக்கே புது ஏற்பாடு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் நோயாளியே தன் பெயர், கணவர் அல்லது அப்பா பெயர் சொல்ல வேண்டும். கண்ணாடியில் பார்த்து, எந்தப் பல் என்று தன் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் ஊசி.

முதல் சோதனை, அத்தை.

"உங்க பேரு என்னம்மா?"

"காமாட்சி."

"வீட்டுக்காரர் பேரு?"

அத்தை வாயை இறுக மூடிக்கொண்டார். அவர் ஜென்மத்தில் என் மாமனார் பெயரைச் சொன்னதில்லை. டாக்டர் மறுபடி கேட்டார். அத்தை வெட்கத்தோடு, "பெரிய கோயில் சாமி... உள்ள மாமரம்கூட இருக்குதே" என்றார்.

ஸ்டெல்லா, "மாமரமா? மாங்கனியா?" என்றாள்.

"ஏகாம்பரம்!" என்று நான் கத்தினேன்.

"நீங்க சொல்லக் கூடாதும்மா, அவங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர். அத்தையோ, "பல்லு வேணும்னா இன்னொரு வருஷம் இருக்கட்டும், பேரை மட்டும் சொல்ல மாட்டேன்" என்று நாற்காலியை விட்டு இறங்கப் பார்த்தார். போட்ட ஏற்பாட்டை அங்கேயே திருத்த வேண்டியதாயிற்று. கணவர் பெயருக்குப் பதிலாகப் பிறந்த ஊர். "மாகறல்!" என்று அத்தை கணீரென்று சொன்னார். விரலால் பல்லைக் காட்டினார். பல் வந்தது. சரியான வாயிலிருந்து, சரியான பல்.

ஸ்டெல்லா இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். உள்ளே அனுப்பும் முன் முழுப் பெயர், வயசு, ஊர் என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் விடுவாள்.

எங்கள் வீட்டில்தான் நிலைமை கெட்டுவிட்டது. மாமனார் கூடத்திலிருந்து "காமாட்சி, ஒரு காபி!" என்று குரல் கொடுத்தால், அடுப்படியில் இருக்கும் நாங்கள் இருவரும் இடத்தை விட்டு அசைவதில்லை. ஒரே குரலில் கேட்கிறோம்:

"எந்த ஊரு? எந்தப் பல்லு?"

பாவம், அவரே எழுந்து வந்து எந்தக் காமாட்சி என்று விரலால் காட்டுகிறார்.