பூவரசு மரத்தில் அடித்த ஆணி

அரைகுறையாகப் படித்தவர்களுக்கு வரும் தைரியம் முழுசாகப் படித்தவர்களுக்கு வராது. எனக்கு அது பதினொரு வயதில் வந்தது. பலியானது அக்காவைப் பெண் பார்க்க வந்த நாள்.

வெள்ளைக்காரன் காலம். எங்கள் சயின்ஸ் டீச்சர் ஆளுக்கொரு மரத்தை ஒப்படைத்தார்; எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லைப் பூவரசு. பட்டையைத் தடவிப் பார்க்க வேண்டும், அடிமரத்தை நூலால் அளக்க வேண்டும். “உங்க தலை உயரத்துக்கு ஒரு ஆணி அடிங்க. மரம் வளரும்போது ஆணியும் மேலே போகுதான்னு வருஷக் கடைசியில சொல்லுங்க” என்றார்.

வருஷக் கடைசி வரை எதற்கு? மரம் உயர்ந்தால் ஆணியும் உயரத்தானே வேண்டும்! (அன்று என்னை மறுக்க அம்பத்தூரில் ஆளில்லை.) துணி காயப்போடக் கொடி கட்ட ஒரு ஆணி வேண்டும் என்று அம்மா வேறு கேட்டுக்கொண்டிருந்தாள். கொல்லைப் பூவரசில் அடித்தேன். ஒரே ஆணி, இரண்டு வேலை.

“இன்னாடி, இவ்ளோ கீழ கீது? ஆடு வாய் வெச்சுடும்” என்றாள் அம்மா.

“மரத்தோட அதுவும் ஏறிடும்மா. சயின்ஸ்!”

“படிச்ச புள்ள சொல்லுது, உடு” என்றார் நைனா பெருமையாக. நான்தான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் பெண்.

மழைக்காலம் போனது. மரம் தழைத்தது. அக்காவைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் பட்டுப்புடவை கிடையாது. அத்தை இரவல் கொடுத்தாள். பெட்டி வாசம் போக அம்மா அதைக் கொடியில் போட்டாள்.

அக்காவின் அலறல் கேட்டு ஓடினேன். பக்கத்து வீட்டு ஆடு பின்னங்காலில் நின்றுகொண்டிருந்தது. முந்தானையில் பாதி அதன் வாயில், மீதி அக்காவின் கையில்.

அழுது வீங்கிய கண்ணும் நூல் புடவையுமாக அக்கா வந்து நின்றாள்.

“பொண்ணுக்கு ஒரு பட்டுகூடவா இல்ல இந்த ஊட்ல?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அக்கா எனக்குத் தலை பின்னுவதை நிறுத்திவிட்டாள். கோணல் சடையோடு பள்ளிக்கூடம் போனேன். வழியெல்லாம் அழுதேன்.

வருஷக் கடைசியில் ஆணி அடித்த இடத்திலேயே இருந்தது. பட்டை மட்டும் உப்பி அதைப் பாதி விழுங்கியிருந்தது. மரம் நுனியில்தான் உயரும், அடிமரம் பருக்கத்தான் செய்யும் என்று டீச்சர் விளக்கினார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

“உனக்கு ஆச்சரியமா இல்லையா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆடு முன்னாடியே சொல்லிடுச்சு டீச்சர்.”

இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது “தானா சரியாயிடும்” என்று வாய் திறந்தால், பேரன் பேத்தி வரை கோரஸாக, “ஆணி ஏறட்டும், பாக்கலாம்!” என்பார்கள்.

போன மாதம் காய்ச்சலில் கிடந்தேன். டாக்டர் வேண்டாம், தானா சரியாயிடும் என்றேன்.

“ஆணி ஏறட்டும்டி” என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே என் பின்னால் உட்கார்ந்து, சிக்குப் பிடித்த நரைமுடியைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள்.