பீப்பாய் அண்ணாச்சியின் நுரை விசாரணை

எமனே நேரில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், “மொதல்ல ஐடி கார்டைக் காட்டும்வே” என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பீப்பாய் அண்ணாச்சிதான்.

இரண்டாயிரத்துச் சில்லறை ஆண்டுகளில், மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு ஹோட்டல் பாரில் நான் வெயிட்டர். ஜெர்மனியிலிருந்து வரும் பீர் பீப்பாய்களைக் குழாயில் மாட்டுவதும், குழாயைக் கழுவுவதும் அண்ணாச்சி டூட்டி. தூத்துக்குடிக்காரர். ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் அந்த பீர் ஆலையின் சரித்திரத்தைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

“முந்நூறு வருசத்துக்கு முன்ன மடத்துச் சாமியார்மாரு ஆரம்பிச்சதுலே. தவக்காலத்துல சோறு கெடயாது. கறுப்பு பீரைக் கெட்டியா காய்ச்சிக் குடிச்சே நாப்பது நாளை ஓட்டுனாவ. தண்ணி, பார்லியோ கோதுமையோ, ஈஸ்ட்டு, ஹாப்ஸ்னு ஒரு கசப்புப் பூ. அம்புட்டுதான். அஞ்சாவதா ஒண்ணைச் சேத்தா அது பீரு இல்லலே, பாவம்!”

அந்த அஞ்சாவதை ஊரில் எல்லோரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்பது அவர் முடிவு. பீப்பாய் இறக்க வரும் பாகிஸ்தான் பட்டான் டிரைவரின் கையை மோந்து பார்ப்பார். தன் டூத்பேஸ்ட் எதுவரை இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு வைப்பார்.

அப்பேர்ப்பட்டவரின் கண்ணெதிரே ஒருநாள் கோதுமை பீர் காலை வாரியது. நெட்டைக் கிளாசில் நாலு விரல் உயரம் நிற்க வேண்டிய நுரை, ஊற்றிய வேகத்தில் காணாமல் போனது. மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நீதான் தண்ணி கலக்குறே. வியாழக்கிழமை விசா கேன்சல். கலாஸ், முடிஞ்சது!”

நான் வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எந்த முகத்தோடு ஊருக்குப் போவது? கூட இருந்தவர்கள், “நீ அப்படிச் செய்யற ஆளா? எங்களுக்குத் தெரியாதா?” என்று முதுகைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அண்ணாச்சி மட்டும், “நீதாம்லே செஞ்சிருப்ப. முழியே சரியில்ல” என்றார். வியாழனுக்கு மிச்சமிருந்த மூன்று நாளும் என் பின்னாலேயே வந்தார். பாத்ரூம் கதவைக்கூட விடவில்லை.

“உள்ள என்னலே தண்ணிச் சத்தம்?”

“பாத்ரூம்ல வேற என்ன சத்தம் கேக்கும் அண்ணாச்சி?”

வியாழக்கிழமை மதியம், கழுவி வைத்த கிளாசுக்குள் மூக்கை விட்டவர் அலறினார். “பிரியாணி!”

பாரின் கிளாஸ் கழுவும் மெஷின் ரிப்பேர். அதனால் கிளாசெல்லாம் கிச்சனில் பிரியாணித் தட்டுகளோடு குளித்து வந்திருந்தன. மேனேஜரைக் கையோடு இழுத்து வந்தார் அண்ணாச்சி. ஒரு கிளாசை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். இன்னொன்றை அப்படியே வைத்தார். ஒரே குழாயிலிருந்து இரண்டிலும் என்னையே ஊற்றச் சொன்னார். உப்புக் கிளாசில் நுரை தலைப்பாகை கட்டி நின்றது. மற்றதில் பொசுக்கென்று போனது.

“நெய்ப்பிசுக்கு சார். நுரைக்கு ஆவாது. பயல விடுங்க.”

மேனேஜர் “அச்சா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் விசா பிழைத்தது. நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னை நம்புனீங்களே அண்ணாச்சி!”

“ஒன்னய எவம்லே நம்புனான்? ஒன்னயும் மோந்தேன், பீப்பாயையும் மோந்தேன். எல்லாம் முடிஞ்சிதாம் கிளாஸு.”

அந்த மூன்று நாளும் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று பிறகு மெஸ்காரர் சொன்னார். அப்படி ஒரு சந்தேகம் அதற்கப்புறம் என் மேல் யாருக்குமே வரவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.