ஆமை ராசா பேசும் பாஷை

இராயபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து

பேரன்புள்ள மச்சான் ஹென்றிக்கு,

வால்டர் எழுதுவது. ஆண்டவர் கிருபையாலும் வேளைக்கு இரண்டு மாத்திரையாலும் நானும் உன் தங்கை சில்வியாவும் சுகம். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் நீயும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறேன். போனில் சொன்னால் உன் காதில் பாதிதான் விழும். விழாத பாதிக்கும் நீ பதில் சொல்வாய். அதனால்தான் கடிதம்.

விஷயம், 'ஆயிரம் முழ ஆமை' நாவலைப் படமாக எடுக்கிறார்கள். பள்ளிக்கூட நாளில் ஒரே புத்தகத்தை இரண்டாகக் கிழித்து மாற்றி மாற்றிப் படித்தோமே, அதேதான். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கெடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான் வந்தது. அந்த ஆமை ராசா நூறு வருஷம் நம் துறைமுகத்துக்கு அடியில் படுத்திருந்ததால் நம் பாஷைதான் பேசும், வேறு பாஷையை அது எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்? ஆனால் டைரக்டர் கீர்த்தி என்கிற பெண், ஆமை கம்பீரமாகச் செந்தமிழ் பேசும் என்று பேட்டி கொடுத்துவிட்டாள். நம் பேச்சைச் சினிமாவில் பேசுகிறவன் ஒன்று அடி வாங்குவான், இல்லை சிரிப்புக் காட்டுவான். ஒரே ஒரு ராசா பேசினான், அவன் வாயையும் அடைத்தால் எப்படி? கடைசி அத்தியாயத்தில் வழி தவறிய இளவரசனிடம், "இன்னா நைனா, வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்குமே, அந்த இடத்தில் நீ அழுதாய், நான் கண்ணில் தூசி என்றேன். அதைக் கெடுக்க விடுவேனா? ஆறு பக்கம் திட்டி எழுதிப் போட்டேன். "அப்போ நீங்களே வந்து பேசுங்க சார்" என்று கூப்பிட்டுவிட்டாள்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, வடபழனியில் இறங்கி, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்றேன். நாற்பது வருஷமாகக் கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவன் அல்லவா, மைக்கைப் பார்த்ததும் கை தானாகக் கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால், "என்ன மகனே, இல்லம் செல்வோமா?" என்று வருகிறது. ஒன்பது தடவையும் அப்படியேதான் வந்தது. கூட வந்திருந்த சில்வியா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போது ஒலிப்பதிவு செய்கிறவன், "சார், லைட்டா தண்ணி போட்ட மாதிரி பேசுங்க, வந்துரும்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இன்னாடா நென்ச்சிகினு கீற? நாங்கோ குட்ச்சாதான் இப்டி பேசுவோமா? ஒரு ஊரையே முதுகுல தூக்கினு கீது அந்த ஆமை! அது உன்னாண்ட தண்ணி கேட்டுச்சா?" என்று பிடித்துக்கொண்டேன். "மைக்கை ஆஃப் பண்ணாதே!" என்று கீர்த்தி கத்தினாள். அந்தச் சூட்டோடு, குரலை மட்டும் தணித்து, அந்த ஒரு வரியையும் சொல்லிவிட்டேன். ஒலிப்பதிவுக்காரன் எழுந்து வந்து, "சாரி சார்" என்று என் கையைப் பிடித்தான். அவன் கண்ணிலும் தூசி.

அப்பாடா என்று இருக்கிறது மச்சான். மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். சினிமாக்காரர்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசீர். உனக்கு மாதாவின் துணையும் ஒரு நல்ல காது மிஷினும் கிடைக்கட்டும்.

உன் மச்சான்,
வால்டர்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில் கீர்த்தி போன் செய்தாள். ஆமை பேசுவது மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாதாம். திரையில் கீழே செந்தமிழில் எழுத்து ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர் ஒரே பிடியாக நிற்கிறாராம். தமிழுக்குத் தமிழில்! அதையும் நானே எழுதித் தர வேண்டுமாம். உட்கார்ந்து பார்த்தேன். மைக் முன்னால் ஒன்பது தடவை வந்த செந்தமிழ், இப்போது ஒரு தடவைகூட வரவில்லை. "இன்னா நைனா, வூட்டுக்குப் போலாமா?" என்று அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். மேலே பேசுவதும் அதே, கீழே ஓடுவதும் அதே. உனக்குக் காதில் விழாவிட்டாலும் படித்துக்கொள்ளலாம்.